பெட்டி அங்கேதான் இருக்கும்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு உங்களை அத்தை என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. இந்த ஒரு கடிதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்கள் மொட்டை மாடியில் இருக்கும் பெட்டி. இந்த மாதக் கடைசிக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று உங்கள் மகன் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எடுக்க ஆள் அனுப்புகிறேன். நான் வர மாட்டேன். கைப்பிடிச் சுவரில் போட்ட ஓட்டைகளைச் சிமெண்ட் பூசி அடைக்கவும் சொல்லியிருக்கிறேன்.

அதை அங்கே பொருத்தியபோது நான் உங்கள் வீட்டு மருமகள். எங்கள் ஆய்வகத்து மாடியிலிருந்து நேர் எதிரே, நடுவில் எதுவும் மறைக்காமல் தெரிகிற ஒரே உயரமான மாடி உங்களுடையது. இங்கிருந்து ஒளியை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அனுப்புகிறோம். உங்கள் மாடிப் பெட்டி அதைத் தன் கண்ணாடி வழியாக வாங்கிப் படமாகப் பதிகிறது. நடுவில் கம்பி கிடையாது, குழாய் கிடையாது, வெறும் காற்றுதான். அந்தக் காற்று வடிவத்தை என்ன பாடு படுத்துகிறது, பட்ட பாட்டுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பெட்டி போனால் ஆராய்ச்சியும் போகும். எங்கள் துறைத் தலைவர் அதற்குத்தான் காத்திருக்கிறார். "வெளியில எதுக்கு வெயில்லயும் மழையிலயும் கஷ்டப்படணும்? வராந்தாவுல ஹீட்டர் வெச்சுக் காத்தைச் சூடாக்குங்க, அதே வேலை ஆயிடும்" என்கிறார். அதே வேலை ஆகாது. ஆனால் அது என் கவலை, உங்களுடையது அல்ல.

கடைசியாக ஒன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று உங்கள் மகன் கூடத்தில் நின்று, "நீ கட்டிக்கிட்டது என்னையா, எங்கம்மா மாடியையா?" என்று தொடங்கி அத்தனை பேச்சும் பேசியபோது நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். செய்தித்தாளைப் புரட்டினீர்கள். அந்தத் தாள் புரண்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இப்படிக்கு,
பெட்டியின் பொறுப்பாளர்


பிப்ரவரி 11

கண்ணாடிக்காரிக்கு,

மதிப்பிற்குரிய என்று போட்டிருக்கிறாய். நான் என்ன வங்கி மேலாளரா?

பெட்டியை யாரைக் கேட்டு எடுக்கிறாய்? நோட்டீஸ் அனுப்பியவன் பேரில் இந்த வீடு இல்லை. இது என் வீடு, என் மாடி. முப்பத்து நாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் கால் கடுக்க நின்று வாங்கிய வீடு. எடுக்க ஆள் வந்தால் திருப்பி அனுப்புவேன், அவனுக்கு அலைச்சல் வைக்காதே.

செய்தித்தாள் விஷயம். எனக்குக் காது போய்விட்டது. இடது காது சுத்தமாக இல்லை. வலதில் பாத்திரம் விழுந்தால் கேட்கும். நீ இருந்தபோதே இப்படித்தான், யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் இருவரும் பேசியது எனக்கு மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வாய்தான் அசைந்தது. புருஷன் பெண்டாட்டி ஏதோ பேசுகிறார்கள், வேடிக்கை பார்க்கக் கூடாது என்று தாளைப் புரட்டினேன். மறுநாள் பார்த்தால் உன் அலமாரி காலி. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போக ஞாபகம் இருந்தது, என்னிடம் சொல்ல ஞாபகம் இல்லை. எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அவன் பேசியது என்னவென்று நீ எழுதித்தான் தெரிகிறது. படித்துவிட்டு ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெசேஜ் அனுப்பலாமே என்பாய். இந்தக் கைபேசி அவன் வாங்கிக் கொடுத்தது. இதில் வருவதெல்லாம் அவன் கைபேசியிலும் வருகிறது, என் பாதுகாப்புக்காம். அதனால் தபாலிலேயே எழுது.

அவன் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். இதை வாடகைக்கு விடலாமாம். முதலில் பெட்டி, அப்புறம் நான். எனக்குப் புரியாதா? குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரையும் கிளப்பிவிட்டிருக்கிறான். பெட்டியிலிருந்து கதிர் வருகிறது, எல்லாருக்கும் தலை வலிக்கிறது என்று அந்த ஆள் வீடு வீடாகப் படியேறிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசியில் கூட்டமாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல். அந்த ஒளி யாரையாவது ஏதாவது செய்யுமா? செய்யும் என்றால் நானே ஸ்பேனர் எடுத்துக் கழற்றிவிடுவேன். செய்யாது என்றால், வருகிறவன் வரட்டும்.

மாடிக்காரி


பிப்ரவரி 15

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்து மாடியில் நின்று படித்தேன். எதிரே உங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இத்தனை நாளும் அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். காது கேட்கவில்லை என்பதை எப்படி நான் கவனிக்காமல் போனேன்? சமையலறையில் நான் பின்னால் நின்று பேசினால் நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள். திமிர் என்று நினைத்தேன். சொல்லாமல் போனது தப்புதான். அலமாரியைக் காலி செய்யும்போது யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எதுவும் செய்யாது. உங்கள் பெட்டியிலிருந்து ஒளி வெளியே வருவதே இல்லை, அது வாங்குகிற பெட்டி. அனுப்புவது நாங்கள். அதுவும் அகலமாக விரித்து அனுப்புகிறோம், உங்கள் மாடிக்கு வந்து சேரும்போது ஒரு டார்ச் விளக்கு அளவுக்குக்கூட இருக்காது. அப்படியும் யாரும் அதன் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால்தான் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே கம்பத்தில் வைத்தேன். யாருக்கும் தலை வலிக்க வழியே இல்லை.

அப்படி என்னதான் அனுப்புகிறாய் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், நான் அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனேன். இப்போது சொல்கிறேன். சாதாரண ஒளி சுவரில் விழுந்தால் நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளியாக விழும். நாங்கள் அதைத் திருகாணி மரை போல முறுக்கி அனுப்புகிறோம். அது வளையமாக விழும், நடுவில் இருட்டாக இருக்கும். முறுக்கு மாற மாற வளையம் மாறும். ஒவ்வொரு முறுக்கிலும் ஒரு தனிச் செய்தியை வைக்கலாம். ஒரே பாதையில் பல பேர் பேசலாம், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் குழம்பாது. இதுதான் ஆசை. ஆனால் நடுவில் கூரைகளும் சாலையும் வெயிலில் கொதிக்கின்றன. அடுப்புக்கு மேலே காற்று நெளிகிற மாதிரி வழி முழுக்க நெளிகிறது. வளையம் பிய்ந்துபோய்த்தான் உங்கள் மாடிக்கு வருகிறது.

அதனால் வடிவத்தோடு ஒளி அதிரும் திசையையும் சேர்த்துப் பிணைத்து அனுப்புகிறேன். வடிவம் பிய்ந்தாலும் அந்தப் பிணைப்பு அறுவதில்லை என்பது என் கணக்கு. தாளில் நிரூபித்துவிட்டேன். காற்றில் நிரூபிக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில், பட்டப்பகலில். ஏப்ரல் கடைசியில் என் திட்டத்தைப் பரிசீலிக்கும் குழு கூடுகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் கருவிகள் எல்லாம் வராந்தாவுக்குப் போய்விடும்.

காதை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் செவிலியராக இருந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நான்தான்


பிப்ரவரி 27

கண்ணாடிக்காரிக்கு,

வடிவம் பிய்ந்தாலும் பிணைப்பு அறாது என்று எழுதியிருக்கிறாயே, அது உன்னையும் என்னையும் வைத்துச் சொன்ன உவமை இல்லையே? அப்படி என்றால் அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். வெளிச்சத்தைப் பற்றி என்றால் சரி.

கூட்டம் முடிந்தது. கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். யார் என்ன பேசினார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரி பிறகு எழுதிக் காட்டினாள், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் மகன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செயலாளர் எழுந்து, "அந்தப் பெட்டியில இருந்து ராப்பகலா கதிர் வருது. மூணாவது மாடியில ஒருத்தருக்குத் தூக்கமே இல்ல. புறாவெல்லாம் வர்றதில்ல. பெரியவங்க, அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் சும்மா இருந்தோம்" என்று நீட்டி முழக்கினாராம். அங்கங்கே தலை ஆட்டினார்கள். அது எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்தேன். "எனக்குக் காது கேக்காது" என்றேன். முதல் தடவையாக நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்னதும் ஏதோ இறுக்கமான செருப்பைக் கழற்றின மாதிரி இருந்தது. "அதனால யாருக்கு என்ன தொந்தரவோ, ஒரு தாள்ல எழுதி, கீழ பேரும் வீட்டு நம்பரும் போட்டுக் கையெழுத்து வெச்சுக் குடுங்க. ஒண்ணுவிடாம பதில் சொல்றேன்."

தாளும் பேனாவும் முன் வரிசையில் கொடுத்தேன். போனது, வந்தது. வெள்ளைத் தாளாகவே வந்தது. செயலாளரிடம் நீட்டினேன். "எனக்கொண்ணும் இல்லீங்க, மத்தவங்க சொல்றாங்க" என்று உதடு அசைந்தது. "மத்தவங்க யாருன்னு எழுதுங்க" என்றேன். அவர் பேனாவை வாங்கி மூடியைத் திறந்து, மூடியைப் போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒருவர் எழுதினார், இரண்டாவது மாடிக்காரர். மாடியில் துணி காயப்போடக் கொடி போதவில்லை என்று. நியாயமான குறை. என் கொடியில் பாதியைக் கொடுத்துவிட்டேன்.

"எக்ஸ்ரே மெஷின் பக்கத்துலயே வேலை பார்த்தவ நான். எது கதிர், எது வெளிச்சம்னு எனக்குத் தெரியும். அது வாங்கற பெட்டி, குடுக்கற பெட்டி இல்ல" என்றேன். அதற்கு ஒருவன், "அப்பக் குடுக்கறது யாரு?" என்றான், உதட்டிலேயே படித்துவிட்டேன். "என் மருமக. அவகூடச் சண்டை போடணும்னா எழுதிக் குடுங்க, தபால்ல சேர்த்துடறேன்" என்றேன். தையல்காரி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

சங்கத்துக்கு ஓர் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மாடியில் அந்தப் பெட்டியை வைக்கவும், வந்து பார்க்கவும் என் மருமகளுக்கு மட்டும் அனுமதி என்று. நகல் இதோடு இருக்கிறது. வைத்துக்கொள்.

அவன் என்னோடு பேசாமல் போய்விட்டான். போகட்டும். அடுத்த வாரம் காதைக் காட்டப் போகிறேன்.

மாடிக்காரி


மார்ச் 9

அத்தைக்கு,

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் திரையில் உங்கள் மாடிப் படம் ஒரு குலுக்கு குலுங்கியது. ஒரு விரல் நுனி தெரிந்தது. பிறகு கறுப்பு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

விரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த நகத்தில் இருக்கும் தழும்பை எனக்குத் தெரியாதா?

நான் கோபப்பட்டு எழுதவில்லை. களைத்துப்போய் எழுதுகிறேன். அந்தப் பெட்டியைத் துல்லியமாகக் குறிபார்த்து நிறுத்த ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. மயிரிழை விலகினாலும் ஒளி பக்கத்துச் சுவரில் போய் விழும். என்னோடு இருந்த தொழில்நுட்ப உதவியாளரைத் தலைவர் வராந்தா வேலைக்கு மாற்றிவிட்டார். படம் கறுத்துப்போனது அவருக்கு மதியமே தெரிந்துவிட்டது. "பார்த்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன். வெளியில இருக்கற எதையும் நம்ப முடியாது" என்றார். காற்றைச் சொன்னாரா, என் குடும்பத்தைச் சொன்னாரா தெரியவில்லை.

போதும் அத்தை. உங்கள் மகனோடு எனக்காகச் சண்டை போட வேண்டாம். எனக்கு அவர் இல்லாமல் ஆகிவிட்டார். உங்களுக்கும் இல்லாமல் ஆக வேண்டாம். பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.


மார்ச் 13

கண்ணாடிக்காரிக்கு,

உனக்காகச் சண்டை போட்டேன் என்று உன்னிடம் யார் சொன்னது?

வெள்ளிக்கிழமை நான் காது மருத்துவரிடம் போயிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். இடது காதுக்கு நான் தூக்கவே இல்லை. அவன் அந்த நேரம் பார்த்துத் தன்னிடம் இருக்கும் சாவியால் வீட்டைத் திறந்து மாடிக்குப் போயிருக்கிறான். நான் வந்தபோது பெட்டி மாடிப்படிக்குக் கீழே, பழைய போர்வையில் சுற்றி, குப்பைக்குப் போகிற சாமான் மாதிரி கிடந்தது. அவன் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். என் தேயிலை, என் பால்.

"எதுக்குடா கழட்டினே?" என்றேன்.

என் வலது காதுப் பக்கம் வந்து குனிந்து கத்தினான். "அவ இப்ப உங்களுக்கு யாரும்மா?"

அது கேட்டது. நன்றாகக் கேட்டது.

"அதை நான் முடிவு பண்றேன். நீ யாருன்னும் நானேதான் முடிவு பண்ணுவேன். இது உன் வீடு இல்ல, தேநீரைக் குடிச்சுட்டுக் கிளம்பு" என்றேன். குடிக்காமலே கிளம்பினான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பெற்றவள்தானே. பிறகு முகம் கழுவிக்கொண்டேன்.

இதோ பார். என் வீட்டில், நான் இல்லாதபோது, எனக்குத் தெரியாமல் ஒரு பொருளைக் கழற்றினான். இன்றைக்கு அந்தப் பெட்டி, நாளைக்கு என் கட்டில். நான் மெதுவாகக் காலி ஆகிக்கொண்டிருப்பேன், எல்லாரும் என் நன்மைக்காகச் செய்துகொண்டிருப்பார்கள். அதற்கு நான் ஆள் இல்லை. பெட்டி மறுபடி மேலே போகும். நீ வேண்டாம் என்றாலும் போகும். உனக்கு வேண்டாம் என்றால் அதற்குள் செடி வைப்பேன்.

போர்வையைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. ஒரு பக்கம் கைரேகை இருக்கிறது, நான் தொடவில்லை. எதால் துடைக்க வேண்டும், எந்தத் திருகாணி எங்கே போகும், எப்படிக் குறிபார்க்க வேண்டும், எல்லாவற்றையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எழுது. கை நடுங்காது. கத்தரிக்கோலை டாக்டர் கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்த கை இது.

மாடிக்காரி


மார்ச் 18

அத்தைக்கு,

செடி வைக்க வேண்டாம்.

பெட்டியைக் கம்பத்தில் ஏற்ற ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஏணியில் ஏறக் கூடாது, இதில் விவாதம் இல்லை. கம்பத்தைச் சுற்றி நிற்க மரப்பலகை போட்டுத் தரச் சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைக்கத் தாளும் திரவமும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. ஒரே திசையில், ஒரே இழுப்பு, மறுபடி அதே தாளைத் தொடக் கூடாது. உங்களுக்கு இது கைவந்த வேலை.

குறிபார்க்க இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். இங்கே நான்தான் இருக்க முடியும், வேறு ஆள் இல்லை. அதனால் வர முடியவில்லை என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. அந்தப் படியில் கால் வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

தொலைபேசியும் உதவாது. ஆகவே இப்படிச் செய்வோம். வெயில் தாழ்ந்த பிறகு காற்று கொஞ்சம் அடங்கும். முப்பதாம் தேதி, பொழுது சாய்கிற நேரம். நான் சிவப்பு ஒளியை அனுப்புவேன். நீங்கள் பெட்டிக்கு முன்னால் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு அட்டையை மட்டும் பாருங்கள், நான் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டாம். அட்டையில் சிவப்பு விழுந்தால் வெள்ளைத் துண்டை ஆட்டுங்கள். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அட்டையின் ஓரத்தில் மட்டும் ஒளி விழும்படி அதை நகர்த்திவிட்டு, பெட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு திருகாணிகளில் கை வையுங்கள். ஒளி ஒருமுறை அணைந்து எரிந்தால் வலது திருகாணி, இரண்டு முறை என்றால் இடது. கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாக. நிறுத்த வேண்டும் என்றால் ஒளியை முழுக்க அணைத்துவிடுவேன். எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும் என்றால் படபடவென்று அடிப்பேன்.

தப்பாகத் திருப்பினாலும் பரவாயில்லை. நான் கோபப்பட மாட்டேன்.

நான்தான்


மார்ச் 31

கண்ணாடிக்காரிக்கு,

கோபப்பட மாட்டேன் என்று எழுதிவிட்டு அத்தனை தடவை படபடவென்று அடித்தாயே, அது என்ன?

தையல்காரி அட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். திடீரென்று அட்டையின் மூலையில் ஒரு சிவப்பு ஒட்டிக்கொண்டது. நகர்ந்தது, நடுங்கியது, நடுவுக்கு வந்தது. புள்ளி இல்லை. வளையம். நடுவில் இருட்டு. நீ சொன்னது அப்படியே. தையல்காரி, "அக்கா, இது உசுரோட இருக்குற மாதிரி இருக்கே" என்று எழுதிக் காட்டினாள்.

துண்டை ஆட்டி ஆட்டித் தோள் கழன்றுவிட்டது. படம் விழுந்ததா இல்லையா என்று எழுது. பொழுது போனதும் அணைத்துவிட்டுப் போய்விட்டாய்.

மாடிக்காரி


மார்ச் 31

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். விழுந்துவிட்டது. படம் விழுந்துவிட்டது. திரையின் நடுவில், குளிர்காலத்தில் நான் வைத்ததைவிட நேராக.

ஒன்று தெரியுமா? எங்கள் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நீங்கள் வானத்தில் காலை ஊன்றி, கீழே தொங்கிக்கொண்டு துண்டை ஆட்டினீர்கள். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. வீட்டை விட்டு வந்த பிறகு உங்களை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இளைத்திருக்கிறீர்கள். நான் தப்பான பக்கம் சொல்லிக்கொடுத்தபோது இடுப்பில் கை வைத்து என் பக்கம் திரும்பினீர்கள். வாய் மட்டும் அசைந்தது. என்ன திட்டினீர்கள்? நானும் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அணைத்துவிட்டு உடனே போகவில்லை. நீங்கள் படியிறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளையிலிருந்து பகல் வெயிலில் பதிவு செய்யத் தொடங்குகிறேன்.


ஏப்ரல் 29

அத்தைக்கு,

நேற்று குழு கூடியது. வரிசையாகச் சொல்கிறேன்.

முடிவுகள் வந்துவிட்டன. உச்சி வெயிலில் வளையம் வளையமாகவே இல்லை. கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி சிதறி வந்தது. ஆனால் பிணைப்பு நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏப்ரல் முழுக்க நின்றது. மோசமான படங்களை நான் ஒதுக்கவில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போட்டேன். தாளில் எழுதியது காற்றில் நடந்துவிட்டது.

குழுவில் இருந்தவர்கள் பதிவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர், "இதை வராந்தாவுல பண்ணியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். தலைவர் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டு, "அதனாலதான் இதைப் பெரிசாக் கொண்டுபோகணும்னு சொல்றேன்" என்றார். அடுத்த வாக்கியத்தில் திட்டத்தை ஹீட்டர் ஆராய்ச்சி செய்யும் இளைஞரிடம் கொடுக்கலாம் என்றார். எனக்குக் குடும்பச் சிக்கல்கள் இருக்கின்றனவாம், சுமையைக் குறைக்கிறாராம். நான் உதவியாக இருக்கலாமாம்.

"குடுங்க சார்" என்றேன். "ஆனா எதிர் முனையை அவர் எங்க வைப்பாரு?"

"ஏன், அந்த மாடிதான் இருக்கே."

"அந்த மாடிக்கு அனுமதி துறைக்கு இல்ல, எனக்கு." உங்கள் கடிதத்தின் நகலை மேசையில் வைத்தேன்.

படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல மருமகள்னு போட்டிருக்கு. நீங்க இப்ப அந்த வீட்டு மருமகள் இல்லியே?"

அறையில் அத்தனை பேரும் தாளைப் பார்த்தார்கள், மேசையைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அன்று கூடத்தில் நின்ற மாதிரி நான் நிற்கவில்லை.

"அதைக் கடிதம் எழுதினவங்களைத்தான் சார் கேக்கணும். அவங்களுக்குப் போன்ல கேக்காது. எழுதிக் கேளுங்க" என்றேன்.

எழுதப் போகிறார். முடிவை அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்கள். இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்வது நீங்கள் இப்படி எழுத வேண்டும் என்று கேட்பதற்காக அல்ல. உங்கள் மகனோடு உங்களுக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். வேறு மாடி தேடுவேன், வேறு ஊர் தேடுவேன். இந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மட்டும் மாட்டேன்.


மே 7

கண்ணாடிக்காரிக்கு,

உன் தலைவர் கடிதம் வந்தது. தட்டச்சு அழகு. மூன்று பத்தி எழுதிக் கடைசியில் ஒரே கேள்வி கேட்டிருந்தார். அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, விவாகரத்து வாங்கியவன் என் மகன். அவன் தன் மனைவியிடமிருந்து வாங்கினான். நான் யாரிடமிருந்தும் எதையும் வாங்கவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. என் மாடிக்கு யார் வரலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரையாவது அனுப்பினால், படியேறிய களைப்புக்குத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவேன். இப்படிக்கு, அவளுடைய மாமியார்."

நீ வேறு மாடி தேடுவேன் என்று எழுதியதற்கு எனக்குக் கோபம் வந்தது. இதோடு கோபம் இரண்டு ஆயிற்று.

மாடிக்காரி


மே 16

அத்தைக்கு,

உங்கள் பதிலைத் தலைவர் குழுவில் வாசிக்கவில்லை. வெளியிலிருந்து வந்த பேராசிரியை கேட்டு வாங்கி வாசித்துவிட்டார், அதுவும் சத்தமாக. கடைசி வரிக்கு வந்ததும் ஒருவர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

திட்டம் என் பேரிலேயே இருக்கிறது. இன்னும் ஓராண்டு. உதவியாளரைத் திருப்பித் தரவில்லை. தலைவர் என்னைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். பரவாயில்லை. எனக்கு வேண்டியது அவர் பார்வை அல்ல.

இத்தனை நாளும் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் 'நான்தான்' என்று போட்டுக்கொண்டிருந்தேன். சில கடிதங்களில் அதையும் விட்டுவிட்டேன்.

உங்கள் மருமகள்


மே 22

கண்ணாடிக்காரிக்கு,

சந்தோஷம். ஓராண்டு போதாது என்று அடுத்த தடவை கேள்.

காதுக்கு மெஷின் வந்துவிட்டது. வலது காதில் மாட்டியிருக்கிறேன். முதல் நாள் குழாயில் தண்ணீர் கொட்டிய சத்தத்துக்கே பயந்துவிட்டேன். செயலாளர் படியில் நிறுத்திப் பேச ஆரம்பித்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன். மருத்துவத்தில் இதைப் போல வசதியான கண்டுபிடிப்பு வேறு இல்லை.

அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கூடவே வீடு பார்க்க இரண்டு பேரைக் கூட்டி வந்தான், வாடகைக்காம். அவர்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். நான் உயிரோடு இருக்கிறவரை இந்த வீடு காலி ஆகாது என்று சொல்லி, வழி தெரியாமல் போகக் கூடாதே என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். அவன் மட்டும் நின்றான். "அவளுக்காக என்னை வேண்டாம்னு சொல்றீங்களாம்மா?" என்றான். மெஷின் இருந்தது, சத்தம் போடாமலே கேட்டது. குரல் சின்ன வயசில் மாதிரி இருந்தது.

"உன்னை வேண்டாம்னு சொல்லலடா. மணி அடிச்சுட்டு வா, நான் வந்து திறக்கறேன். நீயாத் திறந்துக்கிட்டு வராதே" என்றேன். படியிறங்கிப் போனான். வருவான். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது.

இன்று காலை பூட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று இந்த உறைக்குள் இருக்கிறது, தாளோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழாமல் பார்.

படியில் கால் வைக்க மனம் வரவில்லை என்றாய். மனம் வந்த பிறகு வா. அவசரம் இல்லை. ஆனால் ஒளியை அனுப்பிவிட்டு எதிர் மாடியிலேயே நிற்கலாம் என்று நினைக்காதே. மணி அடிக்க வேண்டாம், மெஷினை நான் கழற்றி வைத்திருப்பேன். நீயே திறந்துகொண்டு வா.

மாமியார்